கல்லின் மடியில் ஒரு குங்குமப் பொட்டு

ஓல்மெக் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னமும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ரிடையர் ஆகி ஃப்ரீமான்ட் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடுவேன். "ஆரம்பிச்சிட்டா" என்று என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். கூட்டட்டும். அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாக்கும் கன்சர்வேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களாவது கேளுங்கள்.

நான் சேர்ந்த காலத்தில், கெமிஸ்ட்ரி படித்தவள் ஃபார்மா கம்பெனிக்குப் போகாமல் ஓட்டைப் பானையைத் துடைக்கப் போகிறாளே என்று நம் ஆட்கள் பார்ட்டிக்குப் பார்ட்டி பரிதாபப்படுவார்கள். ஒரு ஆன்ட்டி என் மாமியாரிடம் துக்கமே விசாரித்தாள். இப்போது தமிழ் பேசும் பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வருகிறீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவி, கரைசல், விளக்கு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தும்போது என்ன செய்வது? அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் முதல் மேலதிகாரி ஒரு விநோதமான மனிதர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எந்தப் பொருள் மேஜைக்கு வந்தாலும் முதலில் எங்களைக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார், ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி. "கை எப்பவும் முந்திக்கும், கண்ணுக்குச் சான்ஸே கொடுக்காது" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இந்த ஆள் நம்மை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கட்டிக்கொள்வேன்.

சரி, ஓல்மெக்குக்கு வருகிறேன். மெக்சிகோவின் வளைகுடாக் கரை, ஆறும் சதுப்புமான தாழ்நிலம். மாயாவுக்கும் முன்னால், அஸ்டெக்குக்கு ரொம்ப ரொம்ப முன்னால், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி அங்கே ஊர் கட்டி வாழ்ந்தவர்கள். சக்கர வண்டி கிடையாது, இழுக்க மாடு கிடையாது, இரும்பு கிடையாது. எங்கேயோ இருக்கிற மலையிலிருந்து எரிமலைப் பாறையைக் கொண்டுவந்து, கல்லால் கல்லைக் கொத்தி, ஆளுயரத்துக்கு மேல் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் வேறு வேறு ஆள்! ஒருத்தர் முறைக்கிறார், ஒருத்தர் உதட்டோரமாகச் சிரிக்கிறார். ரப்பர் பாலில் பந்து செய்து விளையாடியவர்கள். பச்சைக் கல்லைப் பாவி அழகாகத் தரை போட்டு, போட்ட கையோடு அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டவர்கள். யார் பார்க்கப் போட்டார்கள்? தெரியாது! ஓல்மெக் என்பதுகூட அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து அஸ்டெக்குகள் அந்தப் பக்கத்து ஆட்களை ரப்பர் சீமைக்காரர்கள் என்று சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படிப்பட்டவர்களின் கல் ஒன்று எங்கள் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்தது. பெரிய முகம் இல்லை, அரியணை. மேஜை மாதிரி பெரிய கருங்கல். அதன் முன்பக்கத்தில் குகை வாசல் போல ஒரு குழிவு. குழிவுக்குள் சம்மணமிட்டு ஒருவர் உட்கார்ந்து வெளியே பார்க்கிறார். அவர் மடியில் ஒரு கைக்குழந்தை. தலையில் பட்டை கட்டியிருக்கிறது, கை இரண்டும் துவண்டு தொங்குகின்றன. மரப்பெட்டியைப் பிரித்த அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மயிர்க்கூச்செறிந்தது! எனக்கு நம் கோயில் கர்ப்பகிரகம்தான் ஞாபகம் வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்லோடு கூடவே வந்தவள் லூசியா. நம் தொழிலில் இது வழக்கம். விலைமதிப்பில்லாத பொருள் ஊர்விட்டு ஊர் போனால் சொந்தக்காரர்கள் பக்கத்து ஆள் ஒருவர் கூடவே போய், சேதமில்லாமல் வைக்கப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். லூசியா அந்தக் கல் கிடைத்த மண்ணிலேயே பிறந்தவள். ஸ்பானிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மலையடிவாரத்தில் இருந்த மொழிதான் அவள் வீட்டில் பேசுகிற மொழி. ஓல்மெக் ஆட்கள் பேசியதும் அதே குடும்பத்து மொழியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆளைப் பார்த்தால் சின்ன உருவம். வேலை என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள். அவளும் நானும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டோம். என் தயிர்சாதத்தை அவள் சாப்பிட்டாள், அவள் மிளகாய்ச் சாஸை நான் சாப்பிட்டேன். அவள் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அதற்கு முதல் நாள் காலை, அக்கம்பக்கத்துச் சங்கங்களைக் கூப்பிட்டு முன்கூட்டியே காட்டுவது எங்கள் வழக்கம். நான் நம் தமிழ்ச் சங்கத்தைக் கூப்பிட்டிருந்தேன். அவர்கள் காலையில் லிவர்மோர் கோயிலுக்குப் போய்விட்டு, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, கார் காராக நேரே வந்து இறங்கினார்கள். எனக்கோ ஒரே குதூகலம். சங்கத் தலைவர் உள்ளே நுழைந்ததும் லூசியாவிடம் போய், "இவங்க ஆக்சுவலா தமிழர்கள்தானே? வாட்ஸப்ல வந்துச்சே, கப்பல்ல போனாங்கன்னு" என்று ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து அவரைப் பந்தாட்டப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். லூசியா சிரித்தாள்.

"பரவால்ல ஜெயா. போன மாசம் ஒருத்தர் சைனாக்காரங்கன்னார். அதுக்கு முன்னாடி ஒருத்தர் வேற கிரகத்துலேருந்து வந்தாங்கன்னார். எங்க ஊர்க்காரங்கன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

பந்து தொட்டுப் பார்க்கும் மேஜையில் குழந்தைகள் ரகளை செய்துகொண்டிருந்தார்கள். ரப்பர் பந்து ஒன்று உருண்டு ஓடியது, அரியணை அருகே நின்ற காவலர் அதைப் பிடிக்கப் போனார். அவ்வளவுதான் இடைவெளி. கொஞ்ச நேரத்தில் கூட்டம் லாபியில் இருந்த காபி, சமோசா பக்கம் நகர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து லூசியாவின் குரல் வந்தது. கத்தவில்லை. "ஜெயா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

ஓடினேன். மடியில் கிடந்த குழந்தையின் நெற்றியில், பட்டைக்குக் கீழே, சிவப்பாக ஒரு பொட்டு. கொஞ்சம் சிந்தி, காதோரத்து மடிப்பிலும் கல் தகப்பனின் கையிலும் கிடந்தது.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. லூசியாவுக்குப் புரிய வாய்ப்பில்லை. அவளுக்கு அது பெயின்ட், வேண்டுமென்றே யாரோ செய்த அட்டூழியம். "இது கல்லுக்குள்ள இறங்கிருந்தா நான் கல்லைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும்" என்றாள். "எங்களோடது சின்ன மியூசியம். நான்தான் பொறுப்புன்னு சொல்லி, அழுது சண்டை போட்டு இதை வாங்கிட்டு வந்தேன்."

அதற்குள் கிரெக் வந்துவிட்டார், கண்காட்சிப் பொறுப்பாளர். நல்ல மனுஷன், ஆனால் மறுநாள் திறப்பு என்ற நினைப்பிலேயே நாலு நாளாகத் தூங்காதவர். கூடவே கட்டடப் பராமரிப்பு ஆள் கையில் ஸ்ப்ரே பாட்டிலும் துணியுமாக வந்தார்.

"பவுடர்தானே ஜெயா? ஒரு ஸ்ப்ரே, ஒரு துடை, முடிஞ்சுது" என்றார் கிரெக். "அப்புறம் கேமரா பார்த்து ஆளைப் புடிச்சு போலீஸ்ல கொடுத்துடலாம்."

நான் கல்லுக்கும் ஸ்ப்ரே பாட்டிலுக்கும் நடுவில் போய் நின்றேன். என் கை பரபரத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துத் துடைத்துவிட வேண்டும், நம் ஆட்கள் செய்தது தெரிவதற்குள் மறைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறியே வந்தது. அவமானம் அப்படிப் பிடுங்கித் தின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அது எரிமலைக் கல், ஊசி முனைத் துளைகள் உடம்பெல்லாம். பழைய முறையில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் என்றால் காய்ந்த தூளாக எடுத்துவிடலாம். கடைச் சாயக் குங்குமம் என்றால், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சிவப்புக் கரைந்து துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பிரம்மாவே வந்தாலும் எடுக்க முடியாது. வாசனையை வைத்துச் சொல்லலாம் என்றால் கூடம் முழுக்க மல்லிகையும் பெர்ஃப்யூமும்தான்.

"இது என்னன்னு தெரியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்க. கேமராவும் வேண்டாம், போலீஸும் வேண்டாம்" என்றேன். கிரெக் கடிகாரத்தைப் பார்த்தார். லூசியா என்னைப் பார்த்தாள். "போ" என்றாள்.

லாபியில் விஷயம் கசிந்திருந்தது. தலைவர் என்னை மறித்தார்.

"மேடம், நம்ம ஆளுங்க எல்லாம் ப்ரொஃபெஷனல்ஸ். நம்ம ஆளுங்க இப்படிப் பண்ணிருக்க மாட்டாங்க. காலைல ஏதோ ஸ்கூல் பசங்க வந்தாங்களே, அதுங்களா இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "சும்மா இருங்க சார். மதுரைல, சிதம்பரத்துல தூண் தூணா விபூதியும் குங்குமமும் கொட்டி வச்சிருக்கோமே, அதெல்லாம் ஸ்கூல் பசங்களா பண்ணாங்க?"

உண்மைதானே? இட்டுக்கொண்டது போக மிச்சப் பிரசாதம் கையில் இருக்கும், கீழே போடக்கூடாது, பாவம், துடைத்துக்கொள்ளவும் கூடாது, பக்கத்தில் எந்தக் கல் இருக்கிறதோ அதில் வைத்துவிட்டு வருவோம். நானும் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்திருப்பீர்கள். மூளையைக் கேட்டுக்கொண்டா கை அதைச் செய்கிறது?

யார் செய்தது என்று கேட்டால் ஒருத்தர் வாய் திறக்க மாட்டார். அதனால் நான் அதைக் கேட்கவே இல்லை. ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னேன்:

"எல்லாரும் கேளுங்க! எனக்கு இப்போ அவசரமா குங்குமம் வேணும். யார் யார்கிட்ட என்ன குங்குமம் இருக்கோ, எல்லாத்தையும் கொண்டு வாங்க. யாரையும் திட்டப் போறதில்லை. என்ன வகைன்னு தெரிஞ்சாதான் கல்லைக் காப்பாத்த முடியும்."

அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! கைப்பையிலிருந்து, பர்ஸிலிருந்து, ஜிப்பா பாக்கெட்டிலிருந்து, காரிலிருந்து ஓடிப் போய் எடுத்து வந்தது என்று பொட்டலம் பொட்டலமாக வந்து குவிந்தது. லிவர்மோர் குங்குமம், நியூஜெர்சியிலிருந்து தங்கை பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் வாங்கி அனுப்பிய குங்குமம், டப்பாவில், டிஷ்யூவில், ஏர்லைன்ஸ் டிக்கெட்டில் மடித்தது. கிரெக் வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்தார். கூட்டத்தில் இருந்த நசீமா, "எங்கிட்ட பேபி வைப்ஸ்தான் இருக்கு ஆன்ட்டி, தரட்டுமா?" என்றாள். "ஐயோ தாயே, ஈரம் பட்டா போச்சு, அதைப் பத்திரமா உள்ள வை!" என்று அலறினேன். அந்தப் பதற்றத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிக்காமல் ஒருவன் நின்றான். முப்பது வயது இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனி பேட்ஜ் இடுப்பில் தொங்கியது. முகம் பேயறைந்தது போல இருந்தது. கூட்டம் விலகக் காத்திருந்து என் பக்கத்தில் வந்தான்.

"ஆன்ட்டி, என் பேர் முரளி. ஒரு நிமிஷம் தனியா பேசணும்."

தூண் மறைவுக்குப் போனோம். இறுக மூடியிருந்த கையைத் திறந்தான். வியர்வையில் நனைந்த ஒரு காகித மடிப்பு, உள்ளே குங்குமம்.

"நான்தான் ஆன்ட்டி. பாப்பா என்.ஐ.சி.யூ.ல இருக்கா. ரொம்ப சீக்கிரமே பொறந்துட்டா. உள்ளங்கை சைஸுதான் இருக்கா, உடம்பு பூரா டியூப். வைஃப் அங்கேயே இருக்கா, நீ கோயிலுக்குப் போய்ட்டு வான்னு அனுப்பினா. இவங்க கார்ல வந்தேன், நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்தக் கல்லுல இருக்கற குழந்தையைப் பார்த்தேன்... அதே மாதிரி ஆன்ட்டி. அதே மாதிரி கை தொங்கிக்கிட்டு. என்ன பண்றேன்னே தெரியல. கை தானா போயிடுச்சு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் ஹெச் ஒன்ல இருக்கேன் ஆன்ட்டி. போலீஸ் ரிப்போர்ட் ஆச்சுன்னா விசா போயிடுமா? வேலை போனா இன்ஷூரன்ஸும் போயிடும். பாப்பாவை எப்படி..."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் கையிலிருந்த மடிப்பை வாங்கிக்கொண்டு, "குவியல்ல கிடந்துச்சு, யாருதுன்னு தெரியல" என்று நான் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் லூசியா அந்தக் கல்லின் குறிப்பில் ஒரு வரி எழுதப் போகிறாள், அந்த வரி கல் இருக்கிற வரைக்கும் கூடவே வரும். அதில் என் பொய் இருக்கக்கூடாது. தவிரவும், ஆள் தெரியாத கறை என்றால் விரோதி செய்த கறையாகத்தான் அவள் எழுதியாக வேண்டும். அப்புறம் கேமரா, அப்புறம் போலீஸ். உண்மையைச் சொன்னால் அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு உறுதி ஒன்றும் கிடையாது. பொய் சொன்னால் அவன் சிக்கிக்கொள்வான் என்று மட்டும் தெரிந்தது.

"நான் மறைக்க மாட்டேன்ப்பா. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்குக் கொடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா நீ தனியா நிக்க மாட்டே. என்கூட வா. இது வீட்ல செஞ்சதா, கடையில வாங்கினதா?"

"அம்மா செஞ்சு அனுப்பினது ஆன்ட்டி. கோயில் பிரசாதத்தையும் அதுலதான் கலந்து வச்சிருந்தேன்."

கலந்தா! கோயில் குங்குமத்தில் சாயம் இருந்தால்? கஃபேயிலிருந்து வெள்ளைத் தட்டும் எலுமிச்சைத் துண்டும் வாங்கினேன். மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டு எலுமிச்சையைப் பிழிந்தேன். சுண்ணாம்பில் சிவந்த மஞ்சள் புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், கடைச் சாயம் சிவப்பாகவே நிற்கும். லூசியா, கிரெக், முரளி மூவரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு தயங்கியது. ஓரத்தில் வெளுத்தது. பிறகு தட்டு முழுக்கப் பளீரென்று மஞ்சள்!

"மஞ்சள்! மஞ்சள்டா!" என்று துள்ளினேன். கிரெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "சாயம் இல்ல கிரெக், வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும். ஈரம் படாம இருந்தா வந்துடும். நீங்க ஸ்ப்ரே அடிக்காம இருந்தீங்களே, கோடி நமஸ்காரம்."

லூசியா சிரிக்கவில்லை. முரளி பக்கம் திரும்பினாள். "நீதானா?"

அவன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்க ஊர் மலைமேலயும் பழைய கல்லு இருக்கு" என்றாள் கடைசியில். "ஜனங்க மெழுகுவர்த்தி ஏத்தி வைப்பாங்க. அந்த மெழுகைச் சுரண்டிச் சுரண்டியே என் பாதி வாழ்க்கை போச்சு. எத்தனையோ பேரைத் திட்டிருக்கேன். நான்தான் பண்ணேன்னு தானா வந்து நின்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்." பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். "ஆனா அதனால கறை போயிடாது. புகார் கொடுக்கறதா வேண்டாமான்னு எங்க மியூசியம்தான் முடிவு பண்ணணும். முதல்ல கல்லைப் பாக்கறேன். அதுவரைக்கும் நீ அங்க உட்காரு."

கூடத்தை மூடினோம். முரளி மூலையில் இருந்த பெஞ்சில் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லூசியாவும் நானும் தரையில் மண்டியிட்டுக் காய்ந்த தூரிகையால் தூளை ஒவ்வொரு துளையிலிருந்தும் எடுத்தோம். நெற்றி சுத்தமானது. கை சுத்தமானது. கிரெக் பெருமூச்சு விட்டார். நான் மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன்.

கடைசியாகக் காதோர மடிப்பு. அங்கே மிளகு அளவு சிவப்பு ஒன்று இருந்தது. தூரிகை வைத்தேன், போகவில்லை. மறுபடியும் வைத்தேன், அசையவில்லை.

"ஊறிடுச்சா?" என்றார் கிரெக். பெஞ்சில் இருந்தவன் எழுந்து நின்றான். லூசியா தன் குறிப்பைப் புரட்டினாள். "பெட்டி வந்தப்ப நான் பார்த்த இடம்தான். கல்லோட துருன்னு எழுதினேன். இப்போ எது துரு, எது இவன் வச்சதுன்னு எப்படிச் சொல்றது?"

"முதல்ல பாரு" என்று பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து ஒரு சொல் வந்தது. ஸ்பானிஷ் இல்லை, ஆங்கிலம் இல்லை, வீட்டு மொழி. கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். அந்தச் சிவப்பின் மேலே மண் இருந்தது! கல்லாகவே இறுகிப்போன பழுப்பு மண், புதைந்து கிடந்த காலமெல்லாம் படிந்தது. அந்த மண்தட்டில் ஒரு துணுக்கு எப்போதோ உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கிறது. இன்று காலை வைத்த குங்குமம் மூவாயிரம் வருஷத்து மண்ணுக்கு அடியில் எப்படிப் போகும்?

"முரளி வச்சது இல்ல இது!" என்று நான் போட்ட கூச்சலில் வெளியே நின்ற காவலர் கதவைத் திறந்துவிட்டார். "துருவும் இல்ல! கல்லுலேருந்து வரல, கல்லுமேல பூசிருக்கு! லூசியா, யாரோ பூசிருக்காங்க! அப்பவே!"

முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, லூசியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம். சில மாதங்கள் கழித்து அவள் ஊர் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அது செங்காவி என்று உறுதியாகச் சொன்னார்கள். ஓல்மெக் கற்களில் சிலவற்றுக்குச் சிவப்புப் பூசியிருந்ததற்குத் தடயம் உண்டு என்று படித்திருந்தோம். படிப்பது வேறு, அதைக் கண் முன்னால் பார்ப்பது வேறு! கிரெக் பராமரிப்பு ஆளின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதை வாங்கி, நாலாக மடித்து, தன் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

லூசியா தன் ஊருக்கு ஃபோன் போட்டு நீளமாகப் பேசினாள். பேசி முடித்துவிட்டுக் குறிப்பை எழுதினாள்: பார்வையாளர் ஒருவர் தொட்டார், தானே வந்து சொன்னார், தூள் முழுவதும் எடுக்கப்பட்டது, சேதமில்லை, புகாரில்லை. எழுதியதை முரளியிடம் படித்துக் காட்டினாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இங்க வா. கையைக் கட்டிக்கோ. கண்ணால மட்டும் பாரு" என்று அவனைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். "உனக்கு முன்னாடி ஒருத்தர் வச்சிருக்காங்க."

அவன் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

அவன் மகள் பிழைத்தாளா என்று உங்களுக்கு இப்போது மனசு அடித்துக்கொள்ளும். பிழைத்தாள், வீட்டுக்கு வந்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டர்களுக்கே தெரியாது. அவன் கல்லைவிட்டுக் கண்ணெடுக்காமல் தமிழில் என்னிடம் கேட்டான்:

"ஆன்ட்டி, அந்தக் குழந்தை பிழைச்சுதா?"

துவண்ட குழந்தையைப் பற்றி அறிஞர்கள் எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும். பலி என்று சிலர், குகையிலிருந்து முன்னோர் கொண்டுவரும் புது உயிர் என்று சிலர். ஆதாரம் இல்லை என்பதுதான் என் படிப்பு எனக்குக் கொடுத்த பதில். அதை எப்படி அந்தத் தகப்பனிடம் சொல்வது? பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "தெரியலப்பா" என்று ஆரம்பித்தேன்.

"என்ன கேக்கறான்?" என்றாள் லூசியா. அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

ஒரு நொடிகூட யோசிக்காமல், அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"பிழைக்கலைன்னா நான் எங்கேருந்து வந்தேனாம்?"